அடுத்த பேய் எப்போ வரும்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் சூரிய மின்சக்தி, ஒருவன் சுயதொழில், ஒருத்தி பெண் கல்வி. எனக்கு மிஞ்சியது பேய்தான். சிரிக்காதீர்கள். நான் பேயைப் பற்றி எழுதப்போவதில்லை. பேய்ப் படத்துக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றி எழுதப்போகிறேன். நம் ஹாஸ்டலிலேயே ரூமுக்கு ஒருவன் அப்படி இருக்கிறான்.

பாம்பைக் கண்டால் ஓடுகிறோம். நாய் குரைத்தால் தெருவை மாற்றிக்கொள்கிறோம். அப்படியிருக்க, காசு கொடுத்து, இருட்டில் உட்கார்ந்து, 'என்னைப் பயமுறுத்து' என்று கேட்பானேன்? அதுவும் ஒரு படம் முடிந்து வெளியே வரும்போதே 'அடுத்த பார்ட் எப்போ?' என்று கேட்பானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் தப்பு என் மேல்தான்.

ஒன்பது வருஷக் காத்திருப்பு

என் ரூம்மேட் ஒரு பேய்ப் பட வெறியன். 2015 மே மாதம் அஜய் ஞானமுத்து இயக்கத்தில் அருள்நிதி நடித்த 'டிமான்ட்டி காலனி' வெளிவந்தது. சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் உண்மையாகவே உள்ள இடத்தின் பெயர் அது. அந்தப் படத்தைச் சின்னப் பையனாக இருக்கும்போது அத்தை வீட்டு டி.வி.யில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தவன் இவன். இரண்டாம் பாகம் வந்தது 2024 ஆகஸ்ட் 15 அன்று. நடுவில் ஒன்பது வருஷம்! பள்ளிக்கூடம் முடித்து, டிப்ளமோ சேர்ந்து, அரியரும் வைத்துவிட்டான். காத்திருப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. அந்தச் சமயம் பார்த்து அவன் ஊரில் கோயில் கொடை. 'ஞாயித்துக்கிழமை வந்துடறேன்டா, அதுவரைக்கும் பொறு' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். நான் பொறுக்கவில்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு நாலு பேருடன் தியேட்டருக்குப் போய்விட்டேன். அதோடு விட்டேனா? சனிக்கிழமை ராத்திரி அவன் பையை இறக்கி வைப்பதற்குள், மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு, கதை முழுவதையும், எந்த இடத்தில் எது வரும், கடைசியில் என்ன ஆகும் என்பது வரை, கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடித்தேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் தட்டைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் தனியாகப் போய்ப் படம் பார்த்தான். திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னான். 'பயமே வரலடா. நீ முதல்ல பார்த்தது தப்பில்ல. எனக்குன்னு எடுத்து வச்சதையும் நீயே தின்னுட்ட.'

அதே படம். அதே ஸ்பீக்கர். அதே இருட்டு. எனக்கு முதுகு வேர்த்தது, அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்படியானால் பயம் என்பது திரையில் இல்லை! வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடிப் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

மேஜைக்கு அடியில் வெடிகுண்டு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திகில் படங்களின் பேராசிரியர் என்றே சொல்லலாம். 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோ அவரை நாள் கணக்காகப் பேட்டி கண்டார். அதில் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொன்னார். அதை நம் பாஷையில் சொல்கிறேன்.

இரண்டு பேர் ஒரு மேஜை முன் உட்கார்ந்து சும்மா ஊர்க்கதை பேசுகிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியில் இருந்த வெடிகுண்டு வெடிக்கிறது. நமக்கு எவ்வளவு நேரம் அதிர்ச்சி? ஒரு 15 விநாடி. அவ்வளவுதான்.

இப்போது அதே காட்சியைக் கொஞ்சம் மாற்றுவோம். வெடிகுண்டு வைப்பதை நமக்கு முன்பே காட்டிவிடுகிறார்கள். ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும். சுவரில் கடிகாரம். மணி பன்னிரண்டே முக்கால். அந்த இருவரும் அதே ஊர்க்கதையைப் பேசுகிறார்கள். இப்போது நம்மால் சும்மா உட்கார முடியுமா? 'யோவ், எழுந்து போங்கய்யா!' என்று கத்தத் தோன்றுகிறது. 15 விநாடி அதிர்ச்சி 15 நிமிடப் பதைபதைப்பாக மாறிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும், பாதி தெரியாமல் இருக்க வேண்டும். குண்டு இருப்பது தெரியும், அவர்கள் தப்பிப்பார்களா என்பது தெரியாது. முழுவதும் தெரியாவிட்டால் பதைபதைப்பே கிடையாது. முழுவதும் தெரிந்துவிட்டாலும் கிடையாது.

பிராக்டிகல் தேர்வு நாளை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்திருக்கிறார் என்பது தெரியும். வைவாவில் என்ன கேட்பார் என்பது தெரியாது. லேப் வாசலில் ரிஜிஸ்டர் நம்பர் வரிசையில் நிற்கும் அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் பேய்ப் படம். உள்ளே போய் முதல் கேள்விக்கு 'தெரியாது சார்' என்று சொன்னதும் பயம் போய்விடுகிறது. வாசலில்தான் பேய் இருந்தது, உள்ளே இருந்தவர் வெறும் மனிதர்!

ஷாக் அடிப்பதைவிட...

இது வெறும் கதையா, சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பெர்ன்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 32 பேரை ஸ்கேன் எந்திரத்தில் படுக்கவைத்து, காலில் சின்னச் சின்ன மின்சார ஷாக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஷாக், எத்தனை விநாடி கழித்து என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பிறகு, 'அதிக ஷாக் சீக்கிரமா, குறைந்த ஷாக் தாமதமா, எது வேண்டும்?' என்று கேட்டார்கள்.

நாம் என்ன சொல்வோம்? குறைந்ததைத்தான் கேட்போம் என்று நினைக்கிறோம். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர், 'அதிகமாவே குடுங்க, சீக்கிரம் குடுங்க' என்றார்கள். வலியைவிடக் காத்திருப்பு அவர்களுக்குப் பெரிய வலியாக இருந்தது. அவர்கள் காத்திருக்கும்போது, வலியைக் கவனிக்கும் மூளைப் பகுதி ஷாக் அடிப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது.

ஆக, பயத்தின் மூலப்பொருள் காத்திருப்பு. அதை அளவாகக் கலந்து கொடுப்பவன் கெட்டிக்கார இயக்குநர்.

'அது சரி, அந்த வலியில் என்ன சுகம்?' என்றால், அதற்கும் விடை இருக்கிறது. பயந்தவுடன் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் மூளையின் இன்னொரு பக்கம், 'டேய், இது படம்டா, நீ உட்கார்ந்திருப்பது பால்கனி' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து இல்லை என்று உறுதியானதும் அந்தப் படபடப்பு சட்டென்று சந்தோஷமாகத் திரும்புகிறது. பேய்ப் படத்தில் அலறல் முடிந்த அடுத்த விநாடி தியேட்டர் முழுவதும் சிரிப்பது இதனால்தான்.

அதற்கும் ஓர் அளவு உண்டு. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேய் வீடு போல அமைத்த ஒரு பொழுதுபோக்கு இடத்துக்கு வந்த 110 பேருக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். 2020-ல் வெளிவந்த முடிவு இது: துடிப்பு அதிகம் மாறாதவர்களுக்கும் ரசிக்கவில்லை, மிக அதிகமாக மாறியவர்களுக்கும் ரசிக்கவில்லை, நடுத்தரமாக மாறியவர்களே அதிகம் ரசித்தார்கள். உப்பு மாதிரிதான். குறைந்தாலும் குப்பை, மிஞ்சினாலும் குப்பை.

ஏர் பிரேக் கொடுத்த பயம்

இனி நம் தொழிலுக்கு வருவோம். இந்தக் காத்திருப்பை எப்படித் தயாரிக்கிறார்கள்?

1942-ல் 'கேட் பீப்பிள்' என்று ஒரு அமெரிக்கப் படம். தயாரித்தவர் வால் லூட்டன், இயக்கியவர் ஜாக் டூர்னர். கையில் பணம் குறைவு. பயங்கர மிருகத்தைத் திரையில் காட்டி மிரட்ட வசதியில்லை. என்ன செய்தார்கள்? ராத்திரி நேரம், ஆளில்லாத ரோடு, ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் யாரோ வரும் காலடிச் சத்தம். இவள் வேகமாக நடக்கிறாள். சட்டென்று பின்னால் கேட்ட சத்தம் நின்றுவிடுகிறது. அமைதி. இவள் திரும்பிப் பார்க்கிறாள். யாருமில்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அப்போது 'உஸ்ஸ்ஸ்...' என்று பாய்வதுபோல ஒரு சத்தம்!

வந்தது புலியல்ல, டவுன் பஸ்! பிரேக் பிடித்த சத்தம் அது. ஆட்டோமொபைல் மாணவர்கள் கவனிக்கவும். நாம் தினமும் பஸ் ஸ்டாப்பில் கேட்கும் சத்தம், அரை நிமிடக் காத்திருப்புக்குப் பின்னால் வந்ததால் பேயாகிவிட்டது. பிற்காலத்தில் சினிமாக்காரர்கள் இப்படிப்பட்ட காட்சிக்கே 'பஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு நம் பேய்ப் படங்களில் கதவுக்குப் பின்னாலிருந்து பூனை குதிக்கிறதே, அதற்கெல்லாம் பாட்டன் இந்த பஸ்தான்.

ஓடாத சுறா

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு ஆறுதல் செய்தி. நம் ப்ராஜெக்ட் வைவா அன்று ஓடாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கும் அப்படித்தான் ஆயிற்று.

'ஜாஸ்' படத்துக்காக அழுத்தக் காற்றில் இயங்கும் மூன்று சுறா பொம்மைகளைச் செய்தார்கள். நல்ல தண்ணீரில் சோதித்தார்கள், ஓடியது. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக் கடலில் இறக்கினார்கள், உப்புத் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது. 55 நாளில் முடிப்பதாக இருந்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டுமோ அந்த இடத்துத் தண்ணீரில் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை எல்லோரும் குறித்துக்கொள்க!

சுறா ஓடவில்லை. படம் எடுத்தாக வேண்டும். ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே எடுக்க ஆரம்பித்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கும் கேமரா. மேலே நீந்தும் கால்கள். ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே இரண்டு சுரம் மாறி மாறி வரும், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. பின்பாதியில் ஒரு மஞ்சள் பீப்பாய் தண்ணீரில் நகர்ந்தால் போதும், சுறா வருகிறது என்று நாமே நடுங்குகிறோம். சுறாவின் முழு முகத்தைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். 1975 ஜூன் 20-ல் படம் வந்தது. அந்தக் கோடையில் கடலில் இறங்கவே ஜனங்கள் யோசித்தார்கள். எந்திரம் ஒழுங்காக ஓடியிருந்தால் அது வெறும் பொம்மை சுறா படமாகப் போயிருக்கலாம். ரிப்பேர்தான் காப்பாற்றியது!

தியேட்டருக்கு வெளியே தொடங்கும் படம்

படத்துக்குள் காத்திருக்க வைப்பது ஒரு கலை என்றால், படம் வருவதற்கு முன் வெளியே காத்திருக்க வைப்பது இன்னொரு கலை. இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே: பாதி சொல், பாதியை மறை.

இதில் முதல் பெரிய வித்தைக்காரர் வில்லியம் காஸில் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர். 1958-ல் 'மகாபர்' என்ற படம் எடுத்தார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு எல்லாம், படம் பார்த்துப் பயத்தில் செத்துப்போனால் 1000 டாலர் கிடைக்கும் என்று லண்டன் லாயிட்ஸில் இன்ஷ்யூரன்ஸ்! படம் எப்படியிருந்தால் என்ன, பாலிசியைக் கையில் வாங்கியவனுக்கு உள்ளே நுழையும் முன்பே கால் நடுங்காதா? 1959-ல் 'தி டிங்ளர்' என்ற படத்துக்குத் தியேட்டரில் சில இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டாரைப் பொருத்தினார். முதுகெலும்பைப் பிடிக்கும் பூச்சி ஒன்று தியேட்டருக்குள் தப்பி வந்துவிட்டதாகத் திரை இருண்டுபோகும். சரியாக அந்த நேரத்தில் மோட்டார் ஓடும். எலக்ட்ரிகல் நண்பர்களே, உங்கள் பாடத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது!

அடுத்த வருஷம், 1960-ல், ஹிட்ச்காக் 'சைக்கோ' படத்தை வெளியிட்டார். காஸிலின் மோட்டாரும் பாலிசியும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரே ஒரு சட்டம் போட்டார்: படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது. அன்றைய அமெரிக்காவில் ரசிகர்கள் பாதிப் படத்தில் நுழைந்து, அடுத்த காட்சியில் மீதியைப் பார்த்துவிட்டுப் போவது சகஜம். தியேட்டர் வாசலில் கைக்கடிகாரத்தைக் காட்டியபடி ஹிட்ச்காக்கின் ஆளுயர அட்டைப் படம். பத்திரிகைக்காரர்களுக்கும் முன்கூட்டியே படத்தைப் போட்டுக் காட்டவில்லை. முடிவை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ரசிகர்களையே கேட்டுக்கொண்டார். ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்பதற்குக் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை பட்டது போதும்!

1973 டிசம்பர் 26-ல் 'தி எக்ஸார்சிஸ்ட்' அமெரிக்காவில் வந்தபோது குளிரில் மணிக்கணக்காகக் க்யூ. முந்தைய காட்சி முடிந்து வெளுத்த முகத்தோடு வெளியே வருபவர்களை, வரிசையில் நிற்பவர்கள் பார்த்தார்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாராம் என்று பேச்சு. அந்தக் க்யூவே அந்தப் படத்தின் டிரெய்லர்!

1999-ல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. மேரிலாந்து காட்டில் மூன்று நடிகர்கள் தங்கள் கையிலேயே கேமராவைப் பிடித்து எட்டு நாளில் எடுத்த படம். காட்டில் மாணவர்கள் காணாமல் போய்விட்டதாகவும், கிடைத்த பிலிம்தான் இது என்றும் பரப்பினார்கள். 'காணவில்லை' போஸ்டர் ஒட்டினார்கள். இணையதளத்தில் போலி போலீஸ் விவரங்கள். மிகக் குறைந்த செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் ஏறக்குறைய 25 கோடி டாலர் வசூலித்தது. படத்தில் பேய் எங்கே வருகிறது என்று கேட்டால்... பார்த்தவர்களைக் கேளுங்கள்!

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. நடிகர்கள் காணாமல் போனவர்கள் என்று ஊரை நம்பவைத்துவிட்டதால், நடித்த நாயகியின் தாயாருக்கு ஆறுதல் கடிதங்கள் வந்தன. நாங்கள்தான் நடித்தோம் என்று அந்த மூவரும் வெளியே வந்து பெயர் வாங்க வேண்டிய நேரத்தில் ஒளிந்திருக்க வேண்டியதாயிற்று. 25 வருஷம் கழித்து, 2024-ல், எங்களுக்குச் சேர வேண்டிய நியாயமான பங்கைக் கொடுங்கள் என்று மூவரும் வெளிப்படையாகக் கேட்டார்கள். காத்திருப்பை விற்றுச் சம்பாதித்தவர்கள் வேறு, அதற்காகக் காணாமல் போனவர்கள் வேறு.

'பேரநார்மல் ஆக்டிவிட்டி' கதை நமக்கெல்லாம் உற்சாகம் தருவது. ஓரன் பெலி சினிமாக்காரர் அல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். தன் சொந்த வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்தார். படுக்கையறையில் ஸ்டாண்டில் வைத்த கேமரா. இரண்டு பேர் தூங்குகிறார்கள். மூலையில் நேரம் ஓடுகிறது. வேறொன்றும் நடக்கவில்லை. நாம்தான் கதவைப் பார்க்கிறோம், போர்வையைப் பார்க்கிறோம், நிழலைப் பார்க்கிறோம். 'இப்ப அசையுமோ?' அவர் சும்மா இருக்கிறார், வேலையெல்லாம் நாம் செய்கிறோம்! 2009-ல் முதலில் 13 கல்லூரி நகரங்களில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். 'எங்கள் ஊருக்கும் வேண்டும்' என்று 10 லட்சம் பேர் கேட்டால் நாடு முழுவதும் வெளியிடுவோம் என்று அறிவித்தார்கள். கேட்டார்கள், வந்தது, 19 கோடி டாலருக்கு மேல் வசூல். அதை அப்படிக் கேட்டு வாங்கியவர்களில் நம்மைப்போல மாணவர்கள் ஏராளம்.

நம்ம ஊர்ப் பேய்

நம் தமிழ்ப் படங்களுக்கு வருவோம். 2009-ல் விக்ரம் குமார் இயக்கி மாதவன் நடித்த 'யாவரும் நலம்' இந்த விஷயத்தில் ஒரு பாடப்புத்தகம். புது அபார்ட்மெண்டுக்குக் குடிவந்த குடும்பம் மத்தியானம் ஒரு டி.வி. சீரியல் பார்க்கிறது. சீரியலில் நடப்பது தன் வீட்டில் நடப்பதை கதாநாயகன் கவனிக்கிறான். அதற்குப் பிறகு அவன் பேய்க்குப் பயப்படவில்லை, நாளைய எபிசோடுக்குப் பயப்படுகிறான்! நம் பாட்டிமார்கள் தினமும் 'நாளைக்கு என்ன ஆகுமோ' என்று சீரியலுக்காகக் காத்திருப்பதையே பேயாக்கிவிட்டார்கள். 2012-ல் கார்த்திக் சுப்புராஜ் தன் முதல் படமான 'பீட்சா'வில் விஜய் சேதுபதியைக் கையில் டார்ச்சோடு ஒரு வீட்டுக்குள் விட்டுவிட்டு நம்மை வெகுநேரம் காக்க வைத்தார்.

இன்னொரு பக்கம் பேயும் காமெடியும் சேர்ந்த வகை. ராகவா லாரன்ஸின் 'முனி' 2007-ல், 'காஞ்சனா' 2011-ல், அடுத்தடுத்த பாகங்கள் 2015-லும் 2019-லும். சுந்தர்.சி-யின் 'அரண்மனை' 2014, 2016, 2021, 2024 என நான்கு பாகம். 'இதெல்லாம் ஒரு பேய்ப் படமா?' என்று என் ரூம்மேட் மூக்கைச் சுளிப்பான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆர்ஹுஸ் கணக்கை நினைத்துப் பாருங்கள். குழந்தை குட்டியோடு, ஆயாவையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு பயம் தாங்காது. பயம் அளவுக்கு மீறும் இடத்தில் கோவை சரளா வந்து ஓர் அலறல் அலறினால் படபடப்பு சிரிப்பாகி இறங்கிவிடுகிறது. பிரஷர் குக்கரில் விசில் இருப்பது எதற்கு? வெடிக்காமல் இருக்கத்தானே!

நம் ரசிகனுக்கு இடைவேளை என்ற வரமும் உண்டு. வெளிநாட்டுப் படங்களில் பெரும்பாலும் இடைவேளைக்கு இடமில்லை. நமக்கோ கதவு திறக்கும் விநாடியில் லைட்டைப் போட்டு, பத்து நிமிடம் பப்ஸும் டீயுமாக நிறுத்திவைப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வரிசையில் நின்றபடி ஒவ்வொருவனும் ஒரு கதை சொல்வான். 'மச்சி, அந்த வாட்ச்மேன்தான்டா பேய்.' 'இல்லடா, ஹீரோவே செத்துட்டான்டா.' ஹிட்ச்காக்கின் 15 நிமிடத்தை நாம் டீக்கடையிலேயே வைத்திருக்கிறோம்!

முடிவு தெரிந்தால் என்ன?

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011-ல் நடந்த ஓர் ஆய்வில், முடிவை முன்பே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தால் வாசகர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்று கண்டார்கள். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ரூம்மேட்டிடம் ஓடினேன். 'பாருடா, நான் உனக்கு நல்லதுதான் செஞ்சிருக்கேன்!'

அவன் நிதானமாகக் கேட்டான். 'அது படிக்கிற கதை. யாருக்காவது நெஞ்சு அடிச்சுதான்னு அளந்தாங்களா?'

பதில் இல்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கதையை ரசிப்பது வேறு, பயப்படுவது வேறு. 'சந்திரமுகி'யை எத்தனை முறை டி.வி.யில் போட்டாலும் பார்க்கிறோம், ரசிக்கிறோம். ஆனால் 2005-ல் முதல் முறை தியேட்டரில் பார்த்தவர்கள் பட்ட பயம் இப்போது வருமா? ரசனை திரும்பத் திரும்ப வரும், பயம் ஒரே ஒரு முறைதான் வரும். ஒவ்வொரு பேய்ப் படமும் ஒவ்வொருவனுக்கும் ஒரு தீக்குச்சி. ஒரு முறைதான் உரச முடியும். என் நண்பன் ஒன்பது வருஷம் நனையாமல் காப்பாற்றி வைத்திருந்த தீக்குச்சியை நான் மெஸ்ஸில் உரசிவிட்டேன்.

காத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை

எனவே, அடுத்த பேய்ப் படத்துக்காகக் காத்திருக்கும் சக மாணவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலாவது, டீசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் வரும் டிரெய்லர்களில் நல்ல காட்சிகளை எல்லாம் கொட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது, முதல் நாள் பார்த்தவன் வாயை மூடவும். 'நல்லாருக்கா?' என்றால் 'போய்ப் பாரு' என்று சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

மூன்றாவது, பயப்படுகிறவனைக் கேலி செய்யாதீர்கள். ஒருவனுக்கு அளவான உப்பு இன்னொருவனுக்குக் கரிக்கும். ஃபர்ஸ்ட் இயர் பையன் வர மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ராத்திரி வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு அவன் ஜன்னலில் நிற்பதும் வேண்டாம். பால்கனி டிக்கெட் எடுத்துத் தானாக வந்தவனுக்குத்தான் பயம் விளையாட்டு. டிக்கெட் எடுக்காதவனுக்கு அது வெறும் பயம்தான்.

நான்காவது, கூட யாராவது காத்திருக்கிறார்கள் என்றால் நீங்களும் காத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாதவன் நான். மூன்று நாளில் படம் எங்கும் ஓடிப்போயிருக்காது. ஓடிப்போனது வேறு.

என் ரூம்மேட் என்னோடு பேசாமல் இருந்தது சரியாகப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஹாஸ்டலில் கரண்ட் போயிற்று. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து வரும் சத்தம். எங்கள் கதவுக்கு நேராக வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருட்டில் அவன் கட்டிலிலிருந்து மெல்லக் குரல் வந்தது. 'டேய்... முழிச்சிருக்கியா?'

'ம்.'

'யாருடா அது?'

எனக்குத் தெரியும். வார்டன் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் இப்படித்தான் டார்ச் தேடிக்கொண்டு வருவார். சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

'தெரியலடா,' என்றேன்.

அவன் எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த படத்துக்குச் சேர்ந்தே போவதாக இருக்கிறோம். என்ன படம், எப்போது என்பதை நோட்டீஸ் போர்டில் பார்க்காதீர்கள். தியேட்டர் வாசலில் சந்திப்போம்!



— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்